கைப்பிடி அளவு

"யாருக்கு டீச்சர்?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"எனக்குத்தான் அண்ணே."

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். ஆட்டோவிலிருந்து இன்னும் யாரோ இறங்கி வருவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், "சார் எப்படிப் பிடிப்பாருன்னு தெரிஞ்சாத்தான் எடை சொல்ல முடியும்" என்றார். சார் பிடிக்கப்போவதில்லை, அவருக்கும் எனக்கும் ஆறு வருடங்களாகப் பேச்சில்லை என்பதையெல்லாம் பட்டறை வாசலில் நின்று சொல்ல முடியாது. "நான்தான் பிடிப்பேன்" என்று மறுபடியும் சொன்னேன். உலைக்குப் பக்கத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்த அவருடைய மனைவி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அரிவாள் வேண்டியிருந்தது உண்மை. மதுரையில் கல்லூரி வேலை. ஊரில் தாத்தா விட்டுப்போன அறுபது சென்ட் இடமும் ஆறு தென்னையும் ஒரு ஓட்டு வீடும் என் பங்குக்கு வந்தன. மாதம் ஒருமுறை வந்து மட்டை கழித்துப்போனவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். வேலியோரம் சீமைக்கருவேலம் ஒரு மழைக்கே ஆள் உயரம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆளைத் தேடி, கூலி பேசி, அவர் வெட்டுவதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அலுத்துவிட்டது. கடையில் தொங்கும் அரிவாள்களைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் ஆண் கைக்கு அளந்தவை. என் விரல்கள் பிடியைச் சுற்றி முழுதாக மூடவில்லை. மூடாத கையில் அரிவாள் திரும்பும் என்பது வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் மானாமதுரைச் சாலையில், திருப்பாச்சேத்திக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஒரு ஊருக்குப் போனேன். திருப்பாச்சேத்தி அரிவாளைப் பற்றித் தமிழ் சினிமா பார்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேரைச் சொன்னால் நம் பையன்களுக்கு மீசை கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. ஆனால் அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் அடிக்கிற இரும்பில் பெரும்பங்கு மண்வெட்டி, கோடாலி, கருக்கரிவாள், அரிவாள்மனை. இவற்றுக்கு யாரும் பாட்டு எழுதவில்லை.

பட்டறை என்றால் தனிக் கட்டடம் இல்லை. வீட்டின் பின்சுவரில் சாய்த்துப் போட்ட தகரக் கூரை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. இந்தப் பக்கம் உலை. நடுவில் ஒரு ஜன்னல். குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டால் அக்கா சம்மட்டியைச் சாத்திவிட்டு உள்ளே போய் அடுப்பைத் தணித்துவிட்டு வருவார். இரண்டு தீயையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அண்ணனுக்கு ஒரு தீதான்.

கூரைக் காலில் ஏழடி உயர அரிவாள் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. யாரோ கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டது. வாய்ப்பக்கம் பளபளவென்று தீட்டி, முதுகில் நேர்ந்தவரின் பெயரும் ஊரும் வெட்டியிருந்தது. மனிதக் கை பிடிக்க முடியாத அளவில் ஒரு பிடி. "இதுக்கு நீங்களும் அடிச்சீங்களா அக்கா?" என்றேன். "பின்ன? நாலு நாள்" என்றார். "பொட்டு வைக்கிற வரைக்கும் அது இரும்பு. வச்சதுக்கப்புறம் நான் தொடக்கூடாது." குறையாகச் சொல்லவில்லை. கரண்ட் கட்டணம் எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு அளவெடுத்ததும் அவர்தான். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, என் உள்ளங்கையின் குறுக்கே வைத்து, ஒடித்தார். பிறகு என் கையை மூடச் சொல்லி, விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் விடுகிற இடத்துக்கு இன்னொரு ஈர்க்கு. இரண்டு துண்டையும் காதில் செருகிக்கொண்டார். "கருக்கருவாளுக்குத்தான் பொம்பளை கைக்குப் புடி போட்டிருக்கேன். வெட்டருவாளுக்கு இதான் மொதல்" என்றார் அண்ணன்.

இந்த வேறுபாட்டை நான் நாற்பத்தாறு வயது வரை யோசித்ததில்லை. பெண்ணுக்குக் கத்தி பழக்கமில்லாத பொருளா என்ன? விடிந்ததிலிருந்து நம் கையில் இருப்பது அதுதானே. கதிரறுக்கக் கருக்கரிவாள், புல்லறுக்கப் பன்னரிவாள், மீன் ஆய, வெங்காயம் அரிய அரிவாள்மனை. என் அம்மா தன் வாழ்நாளில் அரிவாள்மனை முன் உட்கார்ந்திருந்த மணி நேரத்தைக் கூட்டினால் அப்பா அரிவாள் பிடித்த நேரம் அதில் பத்தில் ஒரு பங்கு தேறாது. ஆனால் அரிவாள்மனையின் அமைப்பைப் பாருங்கள். பலகையை மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும். கத்தி அசையாது. அதன் வாய் நம்மைப் பார்த்தே நிற்கும். வெட்டப்பட வேண்டியதை நாம்தான் இரண்டு கையாலும் அதனிடம் கொண்டுபோக வேண்டும். சறுக்கினால் நம் விரல்தான். ஆணின் அரிவாளுக்கு வாய் வெளிப்பக்கம். ஓங்கினால் எதிரே இருப்பது அஞ்ச வேண்டும். கத்தியை யாரை நோக்கித் திருப்பி வைப்பது என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

(அரிவாள்மனையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அதைவிட நல்ல கருவியை நான் சமையலறையில் பார்த்ததில்லை. முருங்கைக்காயை அதில் நறுக்குகிற சுகம் மேடையில் நின்று சின்னக் கத்தியால் நறுக்குவதில் வராது.)

வேலை இரண்டு நாள். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டாதான் மூலப்பொருள். சுமை தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த இரும்பு என்பதால் அதில் ஒரு முறுக்கு இருக்கிறது. சிரட்டைக்கரி உலையில் அதைக் காய்ச்சி, வெட்டுளியால் அளவுக்கு நறுக்கினார்கள். அப்புறம் அடி. அண்ணன் இடது கையில் குறடு, வலது கையில் சின்னச் சுத்தியல். அக்கா எதிரே நின்று சம்மட்டி. அவர் சுத்தியலால் தட்டுகிற இடத்தில் அடுத்த நொடி சம்மட்டி இறங்கும். டொக் என்றால் இங்கே. டொக் டொக் என்றால் மெதுவாக. பட்டடைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து. பேச்சே கிடையாது. இருபத்தெட்டு வருடம் இப்படி அடித்திருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காத காட்சி. ஆனால் இரும்பை நீட்டுகிற பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அது முழுக்க அக்காவின் தோளிலிருந்து. அண்ணன் சொல்வது: "நான் அருவா அடிப்பேன். இவ கூடமாட ஒத்தாசை." நாலு கிலோ சம்மட்டியை வாங்கி நானும் பத்து அடி போட்டேன். ஏழாவது அடி இரும்பில் விழவில்லை. பட்டடையில் விழுந்து தோள்வரை அதிர்ந்தது. பத்தாவதற்குப் பிறகு கையைத் தூக்க முடியவில்லை. "எழுதுற கைல?" என்று அக்கா சிரித்தார். 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று அறிவித்தபோது வகுப்பில் நானும் பெருமையாகச் சொன்னேன். நாலாயிரம் வருடத்து இரும்பு என்றேன். அதைக் காய்ச்சத் துருத்தி ஊதியது யார், எதிரே நின்று அடித்தது யார் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, மாணவிகளுக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மாலை தோய்ச்சல். அரிவாளின் உயிர் அதில்தான் என்பார்கள். முழு அலகையும் சீராகச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் பழைய எண்ணெயில் தோய்த்து எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வாய் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியே விட்டால் முதல் கட்டையிலேயே பொறிந்து போகும். அதனால் வாயை அவசரமாக ஒரு கல்லில் தேய்த்து வெள்ளை காட்டுவார்கள். முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும். இறங்க இறங்க அந்த வெள்ளையில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல். பிறகு பழுப்பு. பிறகு கத்தரிப்பூ. பிறகு நீலம். வைக்கோலில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் உடையலாம். நீலம் வந்துவிட்டால் உடையாது, ஆனால் மழுங்கிப்போகும். நடுவில் எங்கேயோ ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் மொத்தத்தையும் முக்கிவிட வேண்டும்.

அண்ணன் குறடைப் பிடித்திருந்தார். ஆனால் நிறத்தைப் பார்த்தது அவர் இல்லை. முப்பது வருடம் தீயைப் பார்த்த கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அக்கா குனிந்து பார்த்து, "ம்... ம்... போதும்" என்றார். அவர் முக்கினார்.

பெயர் பொறிக்கும் கட்டம் வந்தபோது நான் தயாராக இருந்தேன். பிடிக்கு அருகே அலகில் ஒரு சின்ன முத்திரை குத்துவார்கள். இரண்டு எழுத்து. அண்ணனின் அப்பா பெயரும் அண்ணன் பெயரும். "உங்க எழுத்து இல்லையே அக்கா" என்றேன். இந்தக் கேள்விக்கான கட்டுரை என் மனதில் முன்பே பாதி எழுதி முடிந்திருந்தது. பெண்ணின் உழைப்பு, ஆணின் முத்திரை, இருட்டடிப்பு. அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"பேரு என்னத்துக்கு டீச்சர்? நாளைக்கு ஒருத்தன் வெட்டிப்புட்டுப் போட்டுட்டு ஓடுனா, முத்திரை யாருதுன்னுதான் தேடிட்டு வருவாய்ங்க. ஒருவாட்டி வந்தாய்ங்க. இவர ஒரு பகல் முழுக்க உக்கார வச்சாய்ங்க. நான் இங்க உலைய மூடிட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். என் பேரும் இருந்திருந்தா ரெண்டு பேருமில்ல போயிருக்கணும்? புள்ளைக்குச் சோறு?"

எழுதி வைத்திருந்த பாதிக் கட்டுரையை அங்கேயே விட்டேன். பெயர் இல்லாதது அநீதி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் பெயர் என்றால் புகழ் என்று மட்டும் நான் எண்ணியிருந்தேன். அரிவாள் செய்கிற வீட்டில் பெயர் என்பது பொறுப்பு.

"அப்ப யாராவது வெட்டினா அதுல உங்களுக்குப் பங்கு இருக்கா அக்கா?" என்று கேட்டேன். பதில் அண்ணனிடமிருந்து வந்தது. "நமக்கென்ன டீச்சர் பங்கு? கேட்டான், செஞ்சு கொடுத்தோம். கொடுத்ததுக்கப்புறம் அது நம்ம கைல இல்ல."

இதே பதிலை நான் இருபது வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். புறநானூற்றின் 312-ஆவது பாட்டு, பொன்முடியார் எழுதியது. ஒரு தாய் கடமைகளைப் பங்கு பிரிக்கிறாள். பெற்று வளர்ப்பது தன்னுடையது. மகனைச் சான்றோனாக்குவது தந்தையுடையது. வேல் செய்து கொடுப்பது கொல்லனுடையது. அப்புறம் அரசனுக்கு ஒன்று. கடைசியில் யானையைக் கொன்று திரும்புவது மகனுடையது. மனப்பாடப் பகுதியாகவும் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் பல தலைமுறைகளைத் தாண்டிவந்த பாட்டு. சில வருடங்களுக்கு முன் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "இதுல மகளுக்கு என்ன கடமை மிஸ்?" என்றாள். வகுப்பு சிரித்தது. "மகள் வளர்ந்து தாயாகும்போது அவளுக்கும் வரும்" என்று ஏதோ சமாளித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னது எவ்வளவு மோசமான பதில் என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாட்டின் வேறொன்று கண்ணில் பட்டது. அதில் எல்லோரும் கொடுக்கிறார்கள். தாய் மகனைக் கொடுக்கிறாள். கொல்லன் வேலைக் கொடுக்கிறான். கொடுத்ததோடு அவரவர் கடமை முடிந்தது. யாரும் அடுத்தவர் பங்கை எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு சாவை இத்தனை பேர் சேர்ந்து உருவாக்குகிறார்கள், அதில் கடைசியாக நிற்கிற பையனைத் தவிர எவர் கையிலும் ரத்தம் இல்லை. அது யானையாக இருக்கும்வரை நாம் அதை வீரம் என்று நடத்தலாம்.

அண்ணனின் தத்துவம் பொன்முடியார் காலத்தது. அக்கா அதற்கு முன்போ பின்போ, எந்தக் காலத்தவரோ தெரியவில்லை. அவர் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பாராம். "எடை கேக்குறவன் வேலைக்காரன் டீச்சர். தூக்கிப் பாப்பான், புடி எங்க வருதுன்னு பாப்பான். நீளம் கேக்குறவன் வேற. அவன் கண்ணு அருவா மேல இருக்காது, பக்கத்துல நிக்கிற கூட்டாளி மேல இருக்கும். சரக்கு இல்ல தம்பின்னுருவேன்." விற்காமல் விட்ட பணத்துக்காக அண்ணன் கத்துவாராம். "கத்தட்டும்" என்றார் அக்கா. அவர் அனுப்பிய பையன் அடுத்த ஊரில் வாங்கிக்கொள்வான், அது அவருக்கும் தெரியும். தெரிந்தே அனுப்புகிறார். உலகம் முழுவதையும் தடுக்க முடியாது என்பது தன் கையால் கொடுப்பதற்குக் காரணமாகாது என்று, இவ்வளவு நீளமாகச் சொல்லாமல், செய்கிறார்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்கக் காவல்துறை ரவுடிகளைத் தேடிப் பிடித்ததே, அதையொட்டிப் பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். வாங்குகிறவர் பெயர், முகவரி எழுதி வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும். இங்கே கேமரா இல்லை. நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டு. பெயர், ஊர், போன், எதுக்கு என்று நான்கு கட்டம் போட்டு, எட்டாம் வகுப்பு வரை படித்த அக்காதான் எழுதுகிறார். புரட்டிப் பார்த்தேன். முழுக்க ஆண் பெயர்கள். கடைசிக் கட்டத்தில் வரிக்கு வரி ஒரே சொல்: விவசாயம், விவசாயம், விவசாயம். அரிவாள்மனை வாங்கியவர்கள் நோட்டில் இல்லை. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஆயுதச் சட்டத்தின் விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் வீட்டுப் பயன்பாட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டதென்றால் இல்லை. இரும்பு ஒன்றேதான். எதற்காகச் செய்தது என்பதில்தான் அது ஆயுதமா கருவியா என்பது இருக்கிறது.

"உங்களுக்கு எதுக்குன்னு எழுத?" என்றார் அக்கா.

"மட்டை வெட்ட, முள்ளு வெட்ட" என்றேன். அவர் "விவசாயம்" என்று எழுதினார்.

இதே நோட்டு 1993-இல் இருந்திருந்தால் என் அப்பாவின் அரிவாளுக்கு நேராகவும் அதுதான் எழுதியிருக்கும். பொய்யும் இல்லை. அப்பா அதனால் வாழைத் தார் வெட்டினார், மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கினார். எங்களை அவர் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. இதை நான் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. என் கூடப்பிறந்த அக்காவைச் சொல்கிறேன். எனக்குப் பதினான்கு. அவள் டைப்ரைட்டிங் வகுப்பில் ஒருவரை விரும்பினாள். காலனிக்காரர். வீட்டுக்குச் செய்தி வந்த நாளில் அப்பா கத்தவில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சாணைக்கல்லை எடுத்து வைத்து அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே கூராக இருந்த அரிவாள். ஸ்ஸ்ரக், ஸ்ஸ்ரக் என்று அந்தச் சத்தம் மட்டும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் சாயங்காலமும் தீட்டினார். யாரை வெட்டப்போகிறார் என்று அவர் சொல்லவில்லை. வெட்டப்போகிறேன் என்றே சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் அக்கா அம்மாவிடம், "அவரை ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லு. நீங்க சொல்ற எடத்துக்கு நான் கழுத்தை நீட்டுறேன்" என்றாள். அன்று மாலை அப்பா தீட்டவில்லை. அரிவாளைச் செத்தையில் செருகிவிட்டுக் கடைக்குப் போய் எங்களுக்குப் பக்கோடா வாங்கிவந்தார்.

அந்த அரிவாள் கடைசிவரை ஒரு மனிதரையும் தொடவில்லை. எந்த நோட்டிலும் எந்த வழக்கிலும் வராது. அது வெட்டியது என்ன என்று அக்காவுக்குத் தெரியும்.

அந்த இரண்டு மாலைகளை நான் முழுதாகச் சொல்லவில்லை. கல்லுக்குத் தண்ணீர் வேண்டும் அல்லவா? "தண்ணி" என்றார் அப்பா. அம்மா சொம்பில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டாம் நாள் கரண்ட் போயிற்று. அரிக்கேன் விளக்கை ஏற்றி அவர் கைக்கு வெளிச்சம் படுகிறமாதிரி வைத்தது நான். அம்மாவுக்கு அவள் கடமை, எனக்கு என் கடமை. எனக்குப் பயம்கூட வரவில்லை. அக்காதான் வீட்டைக் கெடுத்தாள் என்று அவள்மேல் கோபமாக இருந்தது. அந்த மாணவி கேட்டாளே, மகளுக்கு என்ன கடமை என்று. பாட்டில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது.

இப்படிப்பட்டவள் எதற்காக ஓர் அரிவாள் செய்துகொண்டாள் என்று நீங்கள் கேட்கலாம். மட்டை வெட்ட என்பதை விட்டால் என்னிடம் பெரிய பதில் இல்லை. ஆயுதம் எடுங்கள் பெண்களே என்று நான் சொல்ல வரவில்லை. காளியின் கையில் இருப்பதைக் காட்டிப் பேசுகிறவர்களோடும் எனக்கு ஒட்டுவதில்லை. நம் ஊரில் தெய்வமானால்தான் பெண் கையில் வெட்டரிவாள். ஆனால் பயந்துகொண்டு தொடாமலே இருந்தால் அது அப்பாவுடைய பொருளாகவே இருந்துவிடும் என்ற எண்ணம் இருந்தது. இப்போது அதை என் கை எடை போட்டிருக்கிறது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றேகால் அடி அலகு. நாட்டுக்கருவேலம் பிடி, பித்தளைப் பூண். ஈர்க்கில் அளந்தது அப்படியே என் விரல்களுக்குள் மூடுகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மகன் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ நீளம்மா?"

அவனுக்குப் பதினேழு. பிளஸ் டூ. அம்மாவின் கட்டுரைகளைப் படித்துக் கேள்வி கேட்கிற பையன். ஒரு வாரம் கழித்து உடன் வேலை பார்க்கும் தோழி போன் செய்து, "தம்பி ஸ்டேட்டஸ் பாத்தியா?" என்றார். அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கன்னத்தைக் கொஞ்சம் உள்ளிழுத்து, பின்னால் ஏதோ பாட்டோடு நின்றான். கீழே அவன் சிநேகிதர்கள் தீக்குறி போட்டிருந்தார்கள். ஒருவன் எங்கள் சாதிப் பெயரை எழுதிக் கைதட்டியிருந்தான். அந்தப் பெயரை என் மகன் வீட்டில் கேட்டதே இல்லை. ஊர் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அழிக்கச் சொன்னேன். அழித்தான். "எல்லாரும் போடுறாங்கம்மா. நான் யாரையாவது வெட்டப்போறனா?" என்றான். இல்லை. அவன் தாத்தாவும் வெட்டவில்லை. அந்தக் கதையை அன்றிரவு அவனுக்குச் சொன்னேன், விளக்கு வைத்தது வரைக்கும். சொல்லும்போது அவன் போனைக் கீழே வைத்திருந்தான். அவ்வளவுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கொல்லைக்குக் கூட்டிப்போய் மட்டை வெட்டச் சொன்னேன். "புடி சின்னதா இருக்கு, ரெண்டு விரல் வெளிய நிக்குது" என்றான். எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது வெட்கமாகவும் ஆனது. பெற்று வளர்த்துக் கொடுத்தேன், பிடியை மட்டும் சின்னதாகப் போட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அவன் கைக்கு அளவெடுத்துச் செய்துகொடுக்க ஆயிரம் பட்டறைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் முகம் பார்க்க ஒரு அக்கா இருப்பார் என்றும் சொல்ல முடியாது.

போன பொங்கலுக்கு என் அக்கா வந்திருந்தாள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். பேரன் எடுத்துவிட்டாள். மாட்டுப் பொங்கலன்று மதியம், அவள் உள்ளே படுத்திருக்கிறாள் என்று நினைத்து, நான் திண்ணையில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என் மகன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். பத்து இழுப்பு இழுத்திருப்பேன். நிமிர்ந்தபோது அவள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் தூக்கம் இல்லை.

"தண்ணிய எடுத்துட்டுப் போடா" என்றாள் அவனிடம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கையை நிறுத்தினேன்.

"கொல்லைல போய்த் தீட்டு" என்றாள் என்னிடம். சத்தமாகச் சொல்லவில்லை.

கல்லையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போனேன். மிச்சத்தைத் தீட்டி முடிக்கிற நேரத்தில் அவள் வந்து கிணற்றடிப் படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இவ்ளோ பெருசு?"

"மட்டை வெட்டத்தான்."

"ம்" என்றாள். வாங்கிப் பார்க்கவில்லை. நானும் நீட்டவில்லை.